செட் ஆன் ஆகலையா? பதறாம, படிப்படியா பாருங்க!



நம்ம பகுதியில் பந்தல், நாற்காலி, சமையல் பாத்திரம் வாடகைக்கு விட்டுத் தொழில் செய்கிற குழுக்கள் இருக்கின்றன. அதோடு மைக் செட்டும் இருந்தால் வருமானம் கூடும் என்று குழுவில் கடன் எடுத்து வாங்கியவர்களும் உண்டு. காதுகுத்து, வளைகாப்பு, மொய் விருந்து, கோயில் திருவிழா என்று எதற்கும் இப்போது மைக் வேணும். இளவட்டப் பிள்ளைகள் இருக்கிற வீடு என்றால் "டி.ஜே. செட் இருக்கா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதனால் ஆம்ப்ளிஃபையர், மிக்ஸர், ஸ்பீக்கர் பாக்ஸ், கலர் லைட் என்று சாமான்களும் கூடிவிட்டன.

சாமான் கூடினால் கவலையும் கூடுது. குழுக் கூட்டங்களில் அடிக்கடி வருகிற கேள்வி இது: "மேடம், போன விசேஷத்துல நல்லாத்தான் பாடுச்சு. இந்தத் தடவை சுவிட்ச் போட்டா லைட்டே எரியல. கடைக்குத் தூக்கிட்டுப் போனா என்ன சொல்றாங்கன்னே புரியல. கேட்ட காசைக் கொடுத்துட்டு வர்றோம்."

செட் பாடினாலும் பாடாவிட்டாலும் கடன் தவணை நிற்காது. ஒரு விசேஷ வாடகை 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முகூர்த்த மாதத்தில் நாலு தேதி கைவிட்டுப் போனால் 12,000 ரூபாய் போச்சு. அதைவிடப் பெரிய நஷ்டம், "அவங்க செட்டை நம்ப முடியாது" என்ற பேச்சு. ஆனால் 'ஆன் ஆகவில்லை' என்று கடைக்குப் போகிற சாமான்களில் பலவற்றில் பெரிய கோளாறு இருக்காது. ஒயர், பிளக், ஃபியூஸ் என்று வெளியிலேயே பார்த்துச் சரிசெய்யக் கூடியதாக இருக்கும். எதை நாமே பார்க்கலாம், எந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும் என்பதுதான் இந்த மாதப் பாடம்.

"இதெல்லாம் ஆம்பளைங்க வேலை இல்லையா?"

இந்தக் கேள்விக்கு நம்ம மாவட்டமே பதில் சொல்லியிருக்கு. 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் பெண்களிடம் கொண்டுபோனார். பொம்பளை சைக்கிள் ஓட்டுவதா என்று கேலி பேசிய காலம் அது. நம்ம குடுமியான்மலை கல் குவாரியில் வேலை பார்த்த இளம்பெண்ணே கூட வேலை செய்கிற பெண்களுக்கு சைக்கிள் பழக்கிக் கொடுத்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். இன்றைக்குப் பெண் சைக்கிள் ஓட்டுவதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இன்னொரு ஊரையும் சொல்கிறேன். ராஜஸ்தான் மாநிலம் அஜ்மீர் மாவட்டத்தில் திலோனியா என்ற கிராமம். அங்கே 1972-ல் தொடங்கிய பேர்ஃபுட் காலேஜ் என்ற நிறுவனத்தில், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார்கள்கூட சோலார் விளக்கின் உள்பலகையைப் பொருத்தவும் பழுது பார்க்கவும் ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் பெண்கள் வந்து படித்திருக்கிறார்கள். மொழி புரியாதவர்களுக்கு நிறம், எண், கைச்சைகை வைத்தே பாடம் நடந்திருக்கிறது. அவர்களால் முடியும் என்றால், கணக்கு நோட்டு எழுதுகிற நம்மால் ஒரு ஃபியூஸைப் பார்க்க முடியாதா?

மடையிலிருந்து வயல் வரைக்கும்

வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் நாம் வயலையா தோண்டிப் பார்க்கிறோம்? கண்மாய் மடை திறந்திருக்கா, வாய்க்காலில் எங்கேயாவது உடைப்பா, அடைப்பா என்று நடந்து பார்த்துக்கொண்டே வருவோம். தண்ணீர் எந்த இடம் வரைக்கும் வந்திருக்கிறதோ, அதற்கு அடுத்த இடத்தில்தான் கோளாறு.

கரண்டும் அதே மாதிரிதான். சுவரில் இருக்கிற பிளக் பாயிண்ட்தான் மடை. ஜங்ஷன் பாக்ஸ், ஒயர், சுவிட்ச், ஃபியூஸ் எல்லாம் வாய்க்கால். செட்டின் உள்ளே இருக்கிற பலகைதான் வயல். எடுத்த எடுப்பில் செட்டின் மூடியைக் கழற்றுவது வயலைத் தோண்டுகிற வேலை. மடையிலிருந்து தொடங்குங்க.

தொடங்கும் முன் மூன்று கேள்வி

1. லைட்டே எரியவில்லையா, லைட் எரிந்து சத்தம் மட்டும் வரவில்லையா? லைட் எரிந்தால் கரண்டு வந்துவிட்டது. அது மைக் ஒயர், வால்யூம், ஸ்பீக்கர் சம்பந்தப்பட்ட கோளாறு. இந்தப் பாடம் லைட்டே எரியாத செட்டுக்கு.

2. கருகிய வாடை, புகை, 'பட்' என்ற சத்தம் வந்ததா? மழையில் நனைந்ததா? தொட்டால் சுர்ரென்று இழுக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் திரும்ப ஆன் செய்து பார்க்கக் கூடாது. சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, நேராக மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

3. கடைசியாக எப்போது பாடியது? அதற்குப் பிறகு என்ன நடந்தது? ஜெனரேட்டரில் போட்டோமா, வண்டியில் கீழே விழுந்ததா, குடோனில் எலி இருக்கிறதா? பாதிக் கோளாறு இந்தப் பதிலிலேயே பிடிபடும்.

ஏழு இடங்கள், வரிசையாக

கை ஈரமில்லாமல் இருக்க வேண்டும். காலில் ரப்பர் செருப்பு வேண்டும். தனியாகச் செய்யாமல் பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் இடம்: பிளக் பாயிண்ட். ஓடுகிற டேபிள் ஃபேனையோ, எரிகிற விளக்கையோ அதே பாயிண்ட்டில் போட்டுப் பாருங்கள். டெஸ்டரை மட்டும் நம்ப வேண்டாம். கரண்டு வருகிற வழி ஒன்று, திரும்பிப் போகிற வழி ஒன்று. திரும்பிப் போகிற நியூட்ரல் ஒயர் அறுந்திருந்தாலும் டெஸ்டர் எரியும், ஆனால் சாமான் வேலை செய்யாது. "டெஸ்டர் எரியுது, செட்டு எரியல, அப்ப செட்டுதான் போச்சு" என்று முடிவு கட்டுவது இதனால்தான் தப்பு. பாயிண்ட்டில் கோளாறு என்றால் ஒயர்மேனைக் கூப்பிடுங்கள்.

இரண்டாம் இடம்: ஜங்ஷன் பாக்ஸ். செட்டை ஜங்ஷன் பாக்ஸில் போடாமல், நல்ல பாயிண்ட்டில் நேராகப் போட்டுப் பாருங்கள். பாடிவிட்டால் கோளாறு பாக்ஸில். பல பாக்ஸ்களில் ஒரு சின்ன கறுப்புப் பொத்தான் இருக்கும். லோடு கூடினால் அது வெளியே தள்ளிக்கொள்ளும். லோடைக் குறைத்துவிட்டு அமுக்கினால் சரியாகிவிடும். பிளக் துளை கருகி, தளர்ந்து போயிருந்தால் அந்தப் பாக்ஸையே மாற்றுங்கள்.

மூன்றாம் இடம்: பவர் ஒயர். நிறைய ஆம்ப்ளிஃபையர், மிக்ஸர், ஸ்பீக்கர்களின் பின்பக்கம் சொருகுகிற ஒயர், கம்ப்யூட்டருக்குப் போடுகிற அதே மாதிரி ஒயர்தான். அதைக் கழற்றி முழுசாக உள்ளே போகும்வரை மறுபடி அழுத்திச் சொருகுங்கள். வண்டியில் ஆடி ஆடி இது தளர்வது சகஜம். அப்படியும் வரவில்லை என்றால், நல்லா ஓடுகிற வேறொரு செட்டின் ஒயரை மாற்றிப் போட்டுப் பாருங்கள். எலி கடித்த இடம், பிளக் ஓரத்தில் மடங்கி உடைந்த இடம் இருந்தால் டேப் சுற்றி ஓட்டாமல் புது ஒயர் வாங்குங்கள். மாற்று ஒயர் ஒன்று எப்போதும் பெட்டியில் இருக்கட்டும்.

நான்காம் இடம்: அடாப்டர். சின்ன மிக்ஸர், கார்ட்லெஸ் மைக் ரிசீவர், டி.ஜே. கண்ட்ரோலர் போன்றவற்றுக்குத் தனி அடாப்டர் வரும். விசேஷ வீட்டு அவசரத்தில் ஒன்றின் அடாப்டரை இன்னொன்றில் சொருகி விடுகிறோம். முனை பொருந்தினால் போதாது. அடாப்டரிலும் செட்டிலும் அச்சிட்டிருப்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். வோல்ட் ஒன்றாக இருக்கணும். ஆம்பியர், செட் கேட்பதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கணும். ஏ.சி.யா டி.சி.யா என்பதும் பொருந்தணும். சில மிக்ஸர்களுக்கு ஏ.சி. அடாப்டர்தான் வேலை செய்யும். டி.சி. என்றால், நடுமுனை பிளஸ்ஸா மைனஸா என்று காட்டுகிற சின்னப் படமும் ஒன்றாக இருக்கணும். ஒவ்வொரு அடாப்டரிலும் அது எந்தச் சாமானுக்கு உரியது என்று ஸ்டிக்கர் ஒட்டி எழுதிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

லேப்டாப்பிலிருந்து யு.எஸ்.பி. ஒயர் வழியாகவே கரண்டு எடுக்கிற டி.ஜே. கண்ட்ரோலர்களும் உண்டு. அவை எரியவில்லை என்றால் யு.எஸ்.பி. துளையை மாற்றிப் பாருங்கள், அடுத்து ஒயரை மாற்றிப் பாருங்கள். செல்போன் சார்ஜருடன் வருகிற சில ஒயர்கள் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும், பாட்டுத் தகவலைக் கடத்தாது. அதைப் போட்டால் லைட் எரிந்தாலும் லேப்டாப் கண்ட்ரோலரைக் கண்டுகொள்ளாது.

ஐந்தாம் இடம்: செட்டின் பின்பக்கம். முன்னால் ஒரு சுவிட்ச், பின்னால் ஒரு சுவிட்ச் என்று இரண்டு இருக்கிற செட்டுகள் உண்டு. பின்சுவிட்ச் அணைந்திருக்கலாம். சிலவற்றில் 115, 230 என்று எழுதிய சின்னத் தள்ளு சுவிட்ச் இருக்கும். நம் நாட்டுக்கு 230-ல்தான் இருக்கணும். 115-ல் வைத்து நம்ம கரண்டைக் கொடுத்தால் ஃபியூஸ் போகும், செட்டே எரிந்தும் போகலாம். பழைய செட் வாங்கும்போது முதலில் இதைப் பாருங்கள்.

ஆறாம் இடம்: ஃபியூஸ். முதலில் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பவர் ஒயர் சொருகும் இடத்துக்குப் பக்கத்தில் திருகிக் கழற்றுகிற மூடியோ, இழுக்கிற சின்ன டிராயரோ இருக்கும். உள்ளே விரல் நீளம்கூட இல்லாத கண்ணாடிக் குழாய்தான் ஃபியூஸ். நடுவில் முடி மாதிரிக் கம்பி ஓடும்.

கம்பி அறுந்து, கண்ணாடி தெளிவாக இருந்தால், லோடு கூடியோ, பழசாகியோ போயிருக்கலாம். கண்ணாடி உள்ளே கருத்தோ, வெள்ளி பூசின மாதிரியோ இருந்தால் பலமான கரண்டு பாய்ந்திருக்கிறது. உள்ளே ஷார்ட் இருக்க வாய்ப்பு அதிகம். கம்பி நன்றாகத் தெரிந்தாலும் ஓரத்தில் அறுந்திருக்கலாம். மல்டிமீட்டரைச் 'சத்தம் வரும்' இடத்தில் திருப்பி, கழற்றின ஃபியூஸின் இரண்டு முனையிலும் வைத்துப் பாருங்கள். 'பீப்' என்றால் நல்ல ஃபியூஸ்.

புது ஃபியூஸ் அதே அளவில் இருக்கணும். உலோக மூடியில் ஆம்பியர் எண்ணும் வோல்ட் எண்ணும் பொறித்திருக்கும். அதோடு ஆங்கில எழுத்து 'டி' என்றிருந்தால் மெதுவாகப் போகிற வகை, 'எஃப்' என்றால் உடனே போகிற வகை. பெரிய டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்ப்ளிஃபையர் ஆன் ஆகும் கணத்தில் நிறையக் கரண்டு இழுக்கும். அதைத் தாங்கத்தான் 'டி' வகை. அங்கே 'எஃப்' வகை போட்டால் செட் நன்றாக இருந்தும் ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கும். பழைய ஃபியூஸையே கடைக்குக் கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள்.

புது ஃபியூஸ் போட்டதும் அதுவும் போய்விட்டதா? அதோடு நிறுத்துங்கள். இரண்டாவது போட வேண்டாம். கோளாறு உள்ளே இருக்கிறது.

ஏழாம் இடம்: லோடும் ஜெனரேட்டரும். செட்டில் கோளாறே இல்லாமல், ஒரே லைனில் எல்லாவற்றையும் மாட்டியதால் கரண்டு நின்றுபோயிருக்கலாம். கணக்கு ரொம்ப எளிது. வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர். ஆம்ப்ளிஃபையர் 800 வாட், கலர் லைட் 300 வாட், ஃபேன் 75 வாட் என்றால் மொத்தம் 1,175. வகுத்தால் சுமார் 5 ஆம்பியர். வீட்டில் இருக்கிற சின்ன பாயிண்ட் 6 ஆம்பியர்தான். அதிலேயே 1,500 வாட் டீ கெட்டிலையும் யாராவது மாட்டினால் 11 ஆம்பியரைத் தாண்டிவிடும். பாக்ஸ் சூடாகும், பொத்தான் தள்ளும், மேடையில் பேச்சு நிற்கும். செட்டின் பின்தகட்டில் 'எவ்வளவு கரண்டு எடுக்கும்' என்று எழுதிய வாட்டைத்தான் கணக்குக்கு எடுக்கணும். விளம்பர அட்டையில் இருக்கிற சத்த வாட் வேறு.

ஜெனரேட்டர் என்றால் முதலில் அதை ஓடவிட்டு, சீராக ஓடின பிறகு செட்டைப் போடுங்கள். நிறுத்தும்போது செட்டை அணைத்த பிறகு ஜெனரேட்டரை நிறுத்துங்கள்.

இந்தக் கோட்டைத் தாண்டாதீங்க

ஏழு இடமும் பார்த்தாச்சு, செட் ஆன் ஆகவில்லை. இனி மூடியின் ஸ்க்ரூதான் பாக்கி. நம் வேலை இங்கே முடிகிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. செட்டின் உள்ளே கப்பாசிட்டர் என்ற உருளைகள் இருக்கின்றன. குடத்தில் தண்ணீர் நிற்பது மாதிரி அவற்றில் கரண்டு தேங்கி நிற்கும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் நிற்கும். இப்போது வருகிற எடை குறைந்த செட்டுகளில் 300 வோல்ட்டுக்கு மேல்கூட இருக்கும். அதை இறக்கிவிட்டுக் கை வைக்கப் பயிற்சி எடுத்தவர்தான் திறக்கணும். உங்களில் யாருக்காவது ஆர்வம் இருந்தால் முறையாகப் பயிற்சிக்குப் போங்கள், பிறகு தாராளமாகத் திறக்கலாம்.

உயிர் சம்பந்தப்பட்ட இன்னும் இரண்டு விஷயம்.

ஃபியூஸுக்குப் பதிலாகக் கம்பியோ, ஜிகினாத் தாளோ சுற்றக் கூடாது. ஃபியூஸ் தான் அழிந்து செட்டைக் காப்பாற்றுகிற பொருள். கம்பி சுற்றினால் அது அழியாது. செட்டு எரியும், பந்தலும் எரியலாம்.

எர்த் முள்ளை வெட்டக் கூடாது. 'கொய்ங்' என்று இரைச்சல் வருகிறது என்று த்ரீ பின் பிளக்கின் பெரிய முள்ளை எடுத்துவிடுகிற பழக்கம் இருக்கிறது. இரைச்சல் போகலாம். ஆனால் உள்ளே லைன் ஒயர் தகட்டில் பட்டால் கரண்டு இறங்க வழியில்லாமல் மைக்குக்கு வரும். பள்ளி விழாவில் அந்த மைக்கைக் கையில் பிடித்து, உதட்டோடு வைத்துத் திருக்குறள் சொல்லப்போவது நம்ம பிள்ளை. இதை மறக்க வேண்டாம். வெளியூர் போகிற செட்டுக்கு, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டை நிறுத்துகிற ஆர்.சி.சி.பி. பொருத்திய போர்டு ஒன்று ஒயர்மேனிடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் ஒயரைத் தள்ளுங்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.

மெக்கானிக்கிடம் எப்படிப் பேசுவது?

"அண்ணே, செட்டு ஓடல, பாத்துக் குடுங்க" என்று வைத்துவிட்டு வராதீர்கள். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அண்ணே, பாயிண்ட் நல்லா இருக்கு, ஒயர் மாத்திப் பாத்தோம். ஃபியூஸ் கருத்துப் போயிருந்துச்சு. அதே அளவுல புதுசு போட்டோம், உடனே போயிருச்சு. உள்ள ஷார்ட் இருக்கும்னு நெனைக்கிறோம்." அவருக்கும் பாதி வேலை மிச்சம்.

நல்ல மெக்கானிக் முதலில் சீரிஸ் லாம்ப் வைத்துப் பார்ப்பார். ஒரு குண்டு பல்பு வழியாகக் கரண்டை செட்டுக்குக் கொடுப்பார். பல்பு ஒருகணம் எரிந்து மங்கினால் பெரிய ஷார்ட் இல்லை. பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். டையோடு, கப்பாசிட்டர், டிரான்சிஸ்டர் எது போனது என்று அதன் பிறகு தேடுவார். பக்கத்தில் நின்று பாருங்கள், கேளுங்கள். கிளம்பும் முன் மூன்று கேளுங்கள்: என்ன மாற்றினீர்கள்? பழைய பாகம் எங்கே? பில் உண்டா? மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபப்பட மாட்டார்கள்.

செட்டுக்கும் ஒரு நோட்டு

சேமிப்புக்கும் கடனுக்கும் நோட்டு வைப்பது போல செட்டுக்கும் ஒன்று போடுங்கள். எந்தத் தேதி, எந்த ஊர், ஜெனரேட்டரா வீட்டுக் கரண்டா, என்ன கோளாறு, யார் பார்த்தது, எவ்வளவு செலவு, இவ்வளவு போதும். ஒரே கோளாறு மூன்று தடவை வந்தால் நோட்டு காட்டிக்கொடுக்கும். வாடகையில் ஒரு சின்னப் பங்கைப் பராமரிப்புக்கு என்று தனியாக ஒதுக்கத் தீர்மானம் போட்டுவிடுங்கள். விசேஷத்துக்கு முதல் நாளே செட்டை ஒரு தடவை ஆன் செய்து பாருங்கள். ஒயர் ஒன்று, சரியான அளவு ஃபியூஸ் நாலு, மல்டிமீட்டர் ஒன்று பெட்டியில் இருக்கட்டும்.

நம்ம ஊர் குடைவரைக் கோயில் பாறையில் சுமார் 7-ம் நூற்றாண்டில் வெட்டிய இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஸ்வரங்களைக் கல்லில் எழுதி வைத்ததால் இன்றைக்கும் அறிஞர்கள் வந்து படிக்கிறார்கள். எழுதி வைத்தது நிற்கும். நம்ம செட்டு நோட்டும் அடுத்து பொறுப்புக்கு வருகிற சகோதரிக்கு அப்படித்தான் உதவும்.

குழுவில் கலந்து பேச

1. நம் குழுவில் செட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை எந்த இரண்டு பேர் எடுப்பது? ஆண்டுக்கு ஒருமுறை மாற்றலாமா?
2. கடந்த ஓராண்டில் ரிப்பேருக்கு எவ்வளவு கொடுத்தோம்? என்ன மாற்றினார்கள் என்று நமக்குத் தெரியுமா?
3. நம் செட்டின் பிளக்கில் எர்த் முள் இருக்கிறதா? ஃபியூஸில் யாராவது கம்பி சுற்றியிருக்கிறார்களா? கூட்டம் முடிவதற்குள் பார்த்துவிடுவோம். ஃபியூஸைப் பார்க்கும் முன் பிளக்கைப் பிடுங்க மறக்காதீர்கள்.

செட் இல்லாத குழுவும் இந்தப் பாடத்தைப் படிக்கலாம். மிக்ஸி, கிரைண்டர், தையல் மோட்டார் எது நின்றாலும் வழி ஒன்றுதான்: மடையிலிருந்து நடந்து வாருங்கள், கோட்டருகே நின்றுகொள்ளுங்கள்.